கறுப்பும் சாம்பலும்

தணிக்கைத் தொழில் செய்கிறவனுடைய மேஜையின்மேல் பேனாவும் மைக்கூடும் பேரேடும் தபால் தட்டும் தனித்தனியே தத்தம் ராஜ்யத்தை ஆண்டுகொண்டிருந்த காலம் போய், அவை அத்தனையையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டு லாப்டாப் என்னும் ஒரே சக்கரவர்த்தி வீற்றிருக்கும் காலம் வந்துவிட்டது. ஆகவே எங்கள் ஆபீஸிலிருந்த பழைய லாப்டாப்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுத் திணற ஆரம்பித்தபோது, அதை ஏதோ தளவாட விவகாரம் என்று ஒதுக்கிவிடாமல், ஒரு பட்டாபிஷேகத்துக்கு உரிய கவலையுடனேயே எங்கள் பெரிய பார்ட்னர் அணுகினார். "எல்லோருக்கும் ஒரே மாதிரியாக வாங்கிவிடலாம், எதை வாங்குவது என்று நீங்களே பார்த்து ஓர் அறிக்கை கொடுத்துவிடுங்கள்" என்று என்னிடம் சொன்னார். எதையும் பார்த்து அறிக்கை கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒருவனிடம் அப்படிச் சொல்வது எவ்வளவு அபாயகரமான காரியம் என்பது, அத்தனை அனுபவம் வாய்ந்த மனிதருக்கு அந்தச் சமயம் பார்த்துத் தோன்றாமல் போய்விட்டது.

சென்னை ரிச்சி தெருவில் எங்களுக்கு வெகுகாலமாகப் பழக்கமுள்ள வியாபாரி ஒருவர், ஆற அமரச் சோதித்துப் பாருங்கள் என்று இரண்டு யந்திரங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒன்று லெனோவோ கம்பெனியின் திங்க்பேட், டி14 என்ற மாடல், நிறம் கறுப்பு. மற்றொன்று டெல் கம்பெனியின் லாடிட்யூட், 7440 என்ற மாடல், நிறம் சாம்பல். இரண்டும் 'பிஸினஸ் லாப்டாப்' என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. இந்த வகுப்புக்கும் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் லாப்டாப்புக்கும் உள்ள பேதம், கடையில் நின்று பார்க்கிறவனுக்கு அவ்வளவாகப் புலப்படாது. வீட்டு யந்திரம் பளபளக்கும். அதன் திரையில், வேலை செய்கிறவனுடைய முகமும், அவனுக்குப் பின்னால் உள்ள ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே உள்ள தென்னை மரமும் தெளிவாகத் தெரியும். ஆபீஸ் யந்திரத்தின் திரையிலோ பளபளப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. எக்ஸெல் ஒன்றுதான் தெரியும். தன் முகத்தை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமையே அதற்குக் கொடுக்கும் அதிக விலையில் பாதியை நியாயப்படுத்திவிடும் என்பது என் சொந்த அபிப்பிராயம். மீதிப் பாதிக்கு, அது பழுதானால் நாம் அதைத் தூக்கிக்கொண்டு அலையாமல், உத்தரவாத ஒப்பந்தத்தின்படி மறுநாளே ஒருவர் ஸ்குரூ டிரைவருடன் நம்மைத் தேடி வருவார் என்ற ஏற்பாடு ஈடு செய்துவிடுகிறது.

தணிக்கையாளன் பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பற்றிய காகிதத்தைத்தான் பார்ப்பான். நானும் அப்படியே பார்த்தேன். இரண்டிலும் இண்டெல் கம்பெனியின் 13-ஆம் தலைமுறை ஐ5 ப்ராஸஸர். இரண்டிலும் 16 ஜி.பி. ராம், இரண்டிலும் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; இரண்டிலும் 14 அங்குலத் திரை, அதில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1200. எங்கள் பழைய யந்திரங்களில் நெடுக்கே 1080 தான். அதிகமாக வந்திருக்கும் 120 புள்ளிகளில் எக்ஸெலின் வரிகள் ஆறு அடங்கும். ஐந்தொகையின் கடைசி வரியும் கூட்டுத்தொகையும் ஒரே பார்வையில் விழுவதற்குத் தடையாக இத்தனை காலம் இருந்தவை அந்த ஆறு வரிகளே என்பதைக் கண்டபோது எனக்கு உண்டான ஆனந்தம், இதே தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் விளங்காது. அந்த ப்ராஸஸருக்குள் பத்து 'கோர்'கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு பெரியவை. அவசரமும் கனமும் உள்ள காரியம் வந்தால் மட்டுமே பிரயாசைப்படுபவை. எட்டு சிறியவை, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டு சில்லறை வேலைகளை ஓயாமல் கவனிப்பவை. எங்கள் ஆபீஸிலும் பார்ட்னர்கள் இருவர். மற்றவர்கள் நாங்கள் எட்டுப் பேர். இண்டெல் கம்பெனியார் எங்கள் ஸ்தாபனத்தைப் பார்த்துத்தான் படம் வரைந்தார்களோ என்று சின்ன பார்ட்னர் இல்லாத சமயத்தில் நான் கேட்டதற்கு, ஆபீஸ் முழுவதும் ஏகமனதாகச் சிரித்தது.

ஆக, காகிதத்தின்மேல் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. இவ்விடத்தில் புத்திசாலி ஒருவன், விலை எது குறைவோ அதை வாங்கிவிடலாம் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பான். ஆனால் வித்தியாசமே இல்லாத இரண்டு வஸ்துக்களுக்கிடையேதான் மனிதன் உயிரைக் கொடுத்துக் கட்சி கட்டுகிறான். எங்கள் ஆபீஸும் ஒரு வாரத்துக்குள் கறுப்புக் கட்சி, சாம்பல் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, மத்தியான்னச் சாப்பாட்டுக்குக்கூடத் தனித்தனிப் பெஞ்சியில் உட்கார ஆரம்பித்துவிட்டது.

முதல் ஆட்சேபம் எங்கள் தலைமைக் குமாஸ்தாவிடமிருந்து வந்தது. திருவல்லிக்கேணிவாசி, பரம வைஷ்ணவர், நெற்றியில் சிவந்த ஸ்ரீசூர்ணம் இல்லாமல் அவர் பேரேட்டைத் தொட்டதாக ஐதிகம் இல்லை. கறுப்பு யந்திரத்தை மூக்குக் கண்ணாடியின் மேல்விளிம்பு வழியாகப் பார்த்துவிட்டு, "புதுசா ஆரம்பிக்கிற காரியத்துக்குக் கறுப்பு வேண்டாம், ஸார். அடுத்த மாசம் ஆயுத பூஜை வேறு வரது" என்றார். நான் பதில் சொல்லாமல் யந்திரத்தை ஆன் செய்து மூடியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். திங்க்பேட் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும் பெயரில் 'ஐ' என்ற எழுத்தின் தலையிலுள்ள புள்ளி, உள்ளே விளக்கு இருப்பதால் சிவப்பாகச் சுடர்விடும். யந்திரம் உறக்கத்தில் ஆழ்ந்தாலும் அது மட்டும் மெல்ல மெல்லக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். பிறகு உள்ளே திறந்து, விசைப்பலகையின் நட்டநடுவே, ஜி, எச், பி என்ற மூன்று எழுத்துக்களுக்கும் இடையில், அம்புக்குறியை நகர்த்துவதற்காகப் பதித்திருக்கும் சிவப்புக் குமிழையும் காண்பித்தேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். "பிறக்கும்போதே இட்டுண்டே பிறந்திருக்கே!" என்றார் கடைசியில். அந்த க்ஷணம் முதல் அவர் கறுப்புக் கட்சிக்குத் தலைவரானார்.

அந்தச் சிவப்புக் குமிழுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது எங்கள் தொழிலுக்கு மிகவும் அநுகூலமான சரித்திரம். முதல் திங்க்பேட் 1992-ஆம் வருஷம் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனியிலிருந்து வெளிவந்தது. அதன் உருவத்தை வகுத்தவர் ரிச்சர்ட் ஸாப்பர். ஜெர்மனியில் பிறந்து, இத்தாலியின் மிலான் நகரத்தில் இருந்து தொழில் செய்தவர். ஜப்பானியர்கள் மத்தியான்ன உணவு கொண்டுபோகும் கறுப்பு அரக்குப் பெட்டியை மனத்தில் வைத்துக்கொண்டே அவர் அதை அமைத்தார் என்கிறார்கள். வெளியே ஒரு அலங்காரமும் இல்லாத கறுப்பு. திறந்தால் உள்ளே ஓர் ஆச்சரியம். குமிழைக் கண்டுபிடித்தவர் டெட் ஸெல்கர் என்ற ஆராய்ச்சியாளர். விரல்களை எழுத்துக்களை விட்டு எடுத்து, மௌஸைத் தேடிப் போய், மறுபடி திரும்பி வரும் நேரம் வீணாகிறதே என்ற விசாரத்திலிருந்து பிறந்தது அது. அது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஸாப்பர் பிடிவாதம் பிடித்தார். ஆனால் ஐ.பி.எம். கம்பெனியின் பாதுகாப்பு விதிகளின்படி, சிவப்பு என்பது ஆபத்துக் காலத்தில் மின்சாரத்தை நிறுத்தும் பொத்தானுக்கு மட்டுமே உரிய வர்ணம். என்ன செய்தார்கள்? காகிதத்தில் அந்த நிறத்துக்கு 'மெஜந்தா' என்று பெயர் எழுதினார்கள். விதியும் பிழைத்தது, சிவப்பும் பிழைத்தது.

இந்தக் கதையை நான் சொல்லி முடித்தபோது ஆபீஸில் பேச்சே இல்லை. ஒரு தலைப்பின்கீழ் அனுமதிக்கப்படாத செலவு, பக்கத்துத் தலைப்பின்கீழ் கௌரவமாக உட்கார்ந்திருப்பதை வருஷாவருஷம் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு, அமெரிக்காவிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தி எவ்வளவு ஆறுதல் அளித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பார்ட்னர்கூட, "மெஜந்தா, மெஜந்தா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு தம் அறைக்குள் போனார்.

சாம்பல் கட்சிக்குத் தலைவர் சின்ன பார்ட்னர். கிளையண்டுகளின் போர்டு மீட்டிங்குகளுக்குப் போய்வருகிறவர் அவர். அலுமினியத்தில் நறுவிசாகச் செய்த அந்த மேனியை மேஜையின்மேல் வைத்துத் திறக்கும்போதே கட்டணத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம் போல் தோன்றுகிறது என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். டெல் கம்பெனிக்கும் சரித்திரப் பெருமை இல்லாமல் போகவில்லை. 1984-இல் டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் டெல் என்ற இளைஞர், 1,000 டாலர் மூலதனத்தில் விடுதி அறையிலேயே ஆரம்பித்த வியாபாரம் அது. நடுவில் தரகன் இல்லாமல் வாங்குகிறவனுக்கு நேரே விற்பது என்ற ஒரே யுக்தியில் உலகத்தை வளைத்துவிட்டார். லாடிட்யூட் வரிசை 1994-இல் வந்தது. திங்க்பேட்டோ 2005-இல் ஐ.பி.எம்.மின் கையை விட்டு லெனோவோவிடம் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் கட்சி பலம் கலையாமல் இருந்திருக்கும். ஆனால் அறிக்கை என்றால் உற்பத்தி ஸ்தலத்தையும் குறிப்பிட வேண்டும் அல்லவா? ஆகவே, லெனோவோவுக்குப் புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது என்பதையும், டெல் கம்பெனி 2007-ஆம் வருஷம் முதல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை நடத்துகிறது என்பதையும் உரக்கப் படித்தேன். புதுச்சேரி என்றவுடன், எங்களிடம் தொழில் பயிலும் ஆர்ட்டிகிள் பையன்களின் முகங்களில் ஒரு மலர்ச்சி தோன்றியது; அந்த மலர்ச்சிக்கும், மகாகவி பாரதியார் பத்து வருஷம் அங்கே வாசம் செய்தார் என்ற விஷயத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தலைமைக் குமாஸ்தாவோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஸ்ரீபெரும்புதூரா? உடையவர் திருவவதாரம் பண்ணின ஸ்தலமாச்சே!" என்றார்.

அன்று முதல் அவர் பட்ட தர்மசங்கடம் கல்லையும் கரைக்கும். ஒரு பக்கம் இட்டுக்கொண்டே பிறந்த கறுப்பு. இன்னொரு பக்கம் உடையவராகிய ராமாநுஜர் பிறந்த மண்ணில் ஆலை வைத்திருக்கும் சாம்பல். காலையில் ஒன்றின்மேல் கையை வைப்பார், பெருமூச்சு விடுவார், மத்தியான்னம் மற்றொன்றின்மேல் கையை வைப்பார். அவரைப் பார்த்து நான், "ஸ்வாமி, இந்த யந்திரம் அந்த ஆலையிலேயே செய்ததுதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதே" என்றேன். "திருமலைக்குப் போய்ட்டு வந்தவா கொடுக்கிற லட்டு, திருமலையில் பிடிச்சதுதானான்னு கேட்டா வாங்கிக்கிறோம்?" என்று அவர் கேட்டார். தணிக்கைத் தர்க்கசாஸ்திரத்தில் இதற்கு விடை இல்லை.

இனி உபயோகத்துக்கு வருவோம். நான் அறிந்தவரையில், லாப்டாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். பக்கவாட்டில் இருக்கும் துவாரங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எங்கள் வேலையில் அவையே பிரதானம். கம்பெனிகளின் வருமான வரி ரிட்டர்னோ ஜி.எஸ்.டி. விண்ணப்பமோ, எதைச் சமர்ப்பிப்பதானாலும் பெரும்பாலும் கையெழுத்துக்குப் பதிலாக டிஜிட்டல் ஸிக்னேச்சர் என்னும் சிறு யு.எஸ்.பி. டோக்கனைச் செருக வேண்டும். அது போக மௌஸுக்கு ஒன்று. எண்களை அடிக்கும் தனிப் பலகைக்கு ஒன்று, ஏனெனில் இந்த 14 அங்குல யந்திரங்களில் எண்களுக்கென்று தனிக் கட்டம் இல்லை. கிளையண்டு பெருந்தன்மையுடன் நீட்டும் பென் டிரைவுக்கு ஒன்று. இவை எல்லாம் பழைய அகல வடிவத்து யு.எஸ்.பி. துவாரத்தையே நம்பி வாழ்பவை. கறுப்பில் அந்த மாதிரித் துவாரம் இரண்டு. சாம்பலில் ஒன்றே ஒன்று. மீதி எல்லாம் புது மோஸ்தர்த் துவாரங்கள். அவற்றில் இந்தப் பழைய பரிவாரங்களைச் செருக வேண்டுமானால் இடையில் ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷி தேவைப்படும் சமயங்களில் மற்றவருடைய பையில்தான் இருக்கும்.

மேலும், அம்பத்தூர், கிண்டி முதலிய பேட்டைகளில் உள்ள தொழிற்சாலைகளுக்குத் தணிக்கைக்குப் போனால், வைஃபை ரகஸ்யச் சொல்லைத் தணிக்கைக்காரனுக்குச் சொல்வதை அங்குள்ள ஸிஸ்டம்ஸ் அதிகாரிகள் தங்கள் கற்புக்கு ஏற்பட்ட இழுக்காகக் கருதுகிறார்கள். வெகுநேரம் யாசித்தபின் மூலையில் தொங்கும் ஒரு நீலக் கேபிளைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்தக் கேபிளைச் செருகுவதற்குக் கறுப்பில் இடம் உண்டு, சாம்பலில் இல்லை. அறிக்கையில் இதற்கு மட்டும் நான் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன். அலுவலகத்தை விட்டு நகராதவனுக்கு இது ஒரு பொருட்டே அல்ல என்பதையும் நேர்மையை உத்தேசித்து அடியில் குறித்தேன்.

விசைப்பலகை விஷயத்தில் கறுப்புக் கட்சி அவ்வளவு சுலபமாகத் தப்பவில்லை. தட்டுவதற்கு அது சுகமாயிருக்கிறது. விசைகள் லேசாகக் குழிந்து விரல்நுனியை ஏற்றுக்கொள்கின்றன. பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதுகிறவன் மாலையில் அதை வாழ்த்துவான். ஆனால் உலகத்து விசைப்பலகைகளில் பெரும்பாலானவற்றில் இடதுபுறக் கீழ்மூலையில் கண்ட்ரோல் விசை இருக்க, திங்க்பேட்டில் நெடுங்காலமாக அந்த மூலையில் எஃப்.என். என்ற விசை குடியிருந்து, கண்ட்ரோல் அதற்கு அடுத்த இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. காப்பி எடுப்பதும் ஒட்டுவதும் கண்ட்ரோலை நம்பியே நடக்கிற ஒரு தொழிலில் இது சாமானிய விஷயமா? யந்திரத்தின் உள்ளமைப்புக்குள் போய் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். புது மாடல்களில் கம்பெனியே கண்ட்ரோலை மூலைக்குக் கொண்டுவர ஆரம்பித்தும்விட்டது. அதற்கும் பழைய விசுவாசிகள் சிலர் முகம் சுளிக்கிறார்களாம். முப்பது வருஷத்து அசௌகரியத்தை ஒருவரிடமிருந்து திடீரென்று பறித்துக்கொண்டால் அவருக்குக் கோபம் வருவது இயல்புதானே.

இந்தியாவில் விற்கும் விசைப்பலகைகளில் 4 என்ற எண்ணின் ஓரத்தில் ரூபாய்க் குறி பொறித்திருப்பதை அநேகர் கவனிப்பதில்லை. 2010-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அந்தக் குறியை வரைந்தவர் உதயகுமார் என்ற தமிழர். வலப்புற ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு 4-ஐத் தட்டினால் அது திரையில் வந்து நிற்கும். இத்தனை வருஷம் ஆர். எஸ். என்று எழுத்துக்கூட்டி அடித்துக்கொண்டிருந்த தலைமைக் குமாஸ்தாவுக்கு இதைக் காண்பித்தேன். அன்று மாலைக்குள் அவர் தேவை உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் அதைத் தட்டி, செல்போன் நம்பர் ஒன்றின் முன்னாலும் ரூபாய்க் குறியைப் பதித்துவிட்டார். தமிழ் எழுத்து இரண்டிலும் இல்லை. 1999-இல் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்திய தமிழ் 99 முறையில் உயிரெழுத்துக்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருவதால், மனப்பாடமாகிவிட்டவனுக்குப் பலகையில் எழுத்து இல்லாதது ஒரு குறையல்ல.

இரண்டு கம்பெனிகளும் தங்கள் யந்திரம் ராணுவத் தரம் வாய்ந்தது என்று பெருமை பாராட்டுகின்றன. அந்தத் தரம் என்ன என்று தேடிப் படித்தேன். மில்-எஸ்.டி.டி.-810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. 2019-இல் வெளிவந்த 810 எச் என்ற பதிப்பில் உயர்ந்த மலைகளின் காற்றழுத்தம், உஷ்ணம், குளிர், மழை, மணற்காற்று, உப்புப் பனி, பூஞ்சக்காளான், துப்பாக்கி வெடிக்கும் அதிர்ச்சி உட்பட நம் எதிரிக்கும் நேரக்கூடாத சங்கடங்கள் வரிசையாக இருக்கின்றன. இவற்றுள் எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தேறியதாகக் கம்பெனியே அறிவித்துக்கொள்ளலாம். முத்திரையிட்டு ஸர்ட்டிபிகேட் கொடுப்பதற்கென்று ஓர் அரசாங்க அதிகாரி கிடையாது. தன் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொண்டு தானே கையெழுத்திடும் வசதியை எங்கள் கிளையண்டுகளும் எத்தனையோ காலமாகக் கேட்டுவருகிறார்கள்; பட்டயக் கணக்காளர் ஸ்தாபனம் இன்னும் மனம் இளகவில்லை. அந்த நீண்ட ஜாபிதாவில் மாம்பலத்திலிருந்து பாரிமுனை போகும் பஸ்ஸில் காலை ஒன்பது மணிக்கு நிற்பது என்ற சோதனையைக் காணோம்.

விசைப்பலகையில் திரவம் சிந்தினாலும் தாங்கும் என்று இருவருமே சொல்கிறார்கள். ஆர்ட்டிகிள் பையன்களில் ஒருவன், மெஸ்ஸிலிருந்து அப்போதுதான் வந்த டிகிரி காபியுடன் என் மேஜையண்டை வந்து நின்று, விஞ்ஞானத்தின்மேல் உள்ள பக்தி கண்களில் ஒளிர, "ஸார், ஒரே ஒரு டபராவாவது ஊத்திப் பார்த்துடலாமா?" என்று கேட்டான். அது இன்னும் வியாபாரியின் சொத்து என்பதை நினைவுபடுத்தி, டபராவைக் கைப்பற்றி நானே அருந்தினேன். ஆகவே அறிக்கையின் அந்தப் பகுதி கம்பெனிகளின் வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்டதே தவிர நேரடிப் பரிசோதனையை ஆதாரமாகக் கொண்டது அல்ல.

பாட்டரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளம்பரத்தில் வரும் மணிக்கணக்கு, பெரும்பாலும் திரையின் வெளிச்சத்தைத் தாழ்த்திவிட்டு ஒரே சினிமாவைத் தொடர்ந்து ஓட்டிப் பார்த்துக் கிடைப்பது. டாலி என்ற கணக்கு மென்பொருளும் எக்ஸெலும் வீடியோ மீட்டிங்கும் ஒரே சமயத்தில் ஓடும் ஆபீஸில் அந்தக் கணக்கு தணிக்கைக்கு நிற்காது. ஆனால் ஒரு விஷயம் மனத்தைக் குளிர்வித்தது. கறுப்புக்கும் சாம்பலுக்கும் சார்ஜர் ஒன்றே. இரண்டும் புது மோஸ்தர் யு.எஸ்.பி. முனையுள்ள 65 வாட் சார்ஜரில் உயிர் வாழ்பவை. ஒன்றின் சார்ஜரை மற்றொன்றில் செருகினால் அது ஆட்சேபிப்பதில்லை. இரு கட்சியாரும் பெஞ்சி மாறி உட்கார்ந்துகொண்டிருந்த அந்த நாட்களில், இரு கட்சியின் சார்ஜர்களும் ஒன்றோடொன்று கலந்து, எது எவருடையது என்று தெரியாமல் சௌக்கியமாக இருந்தன.

இவ்வாறு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த மாதம் செப்டம்பர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வரித் தணிக்கை அறிக்கைகளுக்குச் செப்டம்பர் 30 கெடு. அந்த 2024-ஆம் வருஷம் அதை அக்டோபர் 7 வரை நீட்டித்தார்கள். நீட்டித்த செய்தி வந்ததும் ஊரிலுள்ள தணிக்கைக்காரர்கள் எல்லோரும் எப்படி மூச்சு விட்டார்களோ, அப்படியே நாங்களும் மூச்சு விட்டு, லாப்டாப் விவகாரத்தை அந்த ஏழாம் தேதிக்கு அப்பால் ஒத்திவைத்தோம். ஆனால் வருமான வரிச் சட்டத்தில் வேறொரு விதி இருக்கிறது. கம்ப்யூட்டர்களுக்கு வருஷத்துக்கு 40 சதவிகிதம் தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாக வாங்கியது அந்த வருஷத்தில் 180 நாட்களுக்குக் குறைவாகவே உபயோகத்தில் இருந்தால், முதல் வருஷம் பாதிதான். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் 180-வது நாள் அக்டோபர் 3-இல் விழுகிறது. கெடுவை நீட்டித்த அரசாங்கம் அந்த 180-ஐ நீட்டிக்க மறந்துவிட்டது.

ஒரு பேச்சுக்கு 80,000 ரூபாய் யந்திரம் என்று வைத்துக்கொண்டால், 32,000 கழிக்க வேண்டிய இடத்தில் 16,000 தான் கழிக்க முடியும். கறுப்புக்கும் சாம்பலுக்கும் விலையில் இருந்த வித்தியாசத்தைவிட அது பெரிய தொகை. பாக்கியைப் பின்வரும் வருஷங்களில் கழித்துக்கொள்ளலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை என்று பாடப் புத்தகம் சமாதானம் சொல்லும். அக்டோபர் நாலாம் தேதி காலையில் சின்ன பார்ட்னர் இதைக் கணக்குப் போட்டு வந்து சொன்னபோது பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவரோ மிகவும் சாந்தமாக, "அப்படியானால் இனிமேல் மார்ச் 31-ஆம் தேதி வரையில் என்றைக்கு வாங்கினாலும் பாதிதான், ஆகையால் அவசரம் இல்லை. தீர விசாரித்து எழுதுங்கள்" என்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சட்டபூர்வமாகவே ஆறு மாத அவகாசம் கிடைத்த தணிக்கைக்காரன் என்னைத் தவிர வேறு ஒருவன் இருப்பானா என்பது சந்தேகம்.

அவகாசத்தை நான் வீணாக்கவில்லை. தேய்மானத்தைப் பற்றியே ஓர் அத்தியாயம் எழுதினேன். கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி லாப்டாப்பின் ஆயுள் 3 வருஷம். அதன்பின் அது மோட்சம் அடைந்ததாக எங்கள் கிளையண்டு கம்பெனிகள் எழுதிவிடலாம். வருமான வரிச் சட்டத்தின்படியோ மிச்சத்தில் 40, அந்த மிச்சத்தின் மிச்சத்தில் 40 என்று கழித்துக்கொண்டே போவதால், 80,000 என்பது 48,000 ஆகி, 28,800 ஆகி, 17,280 ஆகி, எந்தக் காலத்திலும் பூஜ்யத்தைத் தொடாது. ஒரே யந்திரம் ஒரு சட்டத்தில் அல்பாயுசு, மற்றொன்றில் சிரஞ்சீவி. ரிச்சி தெருவில் பெரிய கம்பெனிகள் மூன்று வருஷம் உழைத்துக் கழித்த திங்க்பேட்டுகளும் லாடிட்யூட்களும் துடைத்துப் பொட்டலம் கட்டி மறுபடி விற்பனைக்கு நிற்பதைப் பார்க்கிறவனுக்கு, வருமான வரிச் சட்டத்தை எழுதியவருக்கே உலக ஞானம் அதிகம் என்று தோன்றும்.

அறிக்கை மார்கழி மாதம் முடிந்தது. அநுபந்தங்களுடன் அதைத் தைத்து, அட்டை போட்டு, பெரியவரின் மேஜையில் வைத்த சில நாட்களுக்கெல்லாம், 2025 ஜனவரியில், டெல் கம்பெனி அமெரிக்காவில் ஓர் அறிவிப்புச் செய்தது. லாடிட்யூட் என்ற பெயரை அது கைவிட்டுவிட்டது. இனிமேல் ஆபீஸ் யந்திரங்களுக்கு டெல் ப்ரோ என்று பெயர். என் அறிக்கையின் தலைப்பிலும் உடலிலும் அநுபந்தங்களிலும் பக்கத்துக்குப் பக்கம் விளங்கிய அந்த நாமதேயம் ஒரே இரவில் பழங்கதை ஆயிற்று. செய்தியைத் தலைமைக் குமாஸ்தாவிடம் சற்றுத் தயக்கத்துடன்தான் தெரிவித்தேன். அவர் முகம் பிரகாசித்தது. "பூர்வாசிரமப் பேரை விட்டுட்டானா? ஸந்நியாசம் வாங்கிண்டவா விட்டுத்தானே ஆகணும்! உடையவர்கூட வாங்கிண்டவர்தானே" என்று சொல்லிவிட்டு, இத்தனை மாதங்களாக ஊசலாடிக்கொண்டிருந்த மனம் ஒரு நிலைக்கு வந்தவராக, நேரே போய்ச் சாம்பல் யந்திரத்தின் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

என் சிபாரிசு கறுப்பு. துவாரங்களையும் நீலக் கேபிளையும் முன்னிட்டுத்தான்; மெஜந்தாவை முன்னிட்டு அல்ல என்று பெரியவரிடம் சத்தியம் செய்து கொடுத்தேன். மார்ச் மாதக் கடைசியில் எல்லோருக்கும் கறுப்பாகவே வாங்கினோம். தலைமைக் குமாஸ்தாவின் மன்றாட்டுக்கு இரங்கி, மாதிரிக்கென்று வந்த சாம்பலை மட்டும் வியாபாரியிடம் பேசி, விலை குறைத்து, அவருக்கென்று வைத்துக்கொண்டோம். சின்ன பார்ட்னர் அந்தச் சலுகை தமக்குக் கிடைக்கவில்லை என்று இன்றும் என்னிடம் அளவாகவே பேசுகிறார்.

கொள்முதலைக் கணக்கில் ஏற்றும் பணி தலைமைக் குமாஸ்தாவுடையது. வருமான வரிச் சட்டத்தின்படி சொத்துக்களைத் தனித்தனியே பார்ப்பதில்லை. 40 சதவிகிதம் தேய்கிறவை எல்லாம் ஒரே தொகுதி. அதற்குள் விழுந்தபின் கறுப்பு எது, சாம்பல் எது என்று பிரித்தறிய வழி கிடையாது. இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. டாலியில் வவுச்சரின் அடியில் விவரம் எழுதுவதற்கென்று 'நரேஷன்' என்று ஓர் இடம் உண்டு. மற்ற யந்திரங்களுக்கெல்லாம் பில் நம்பரும் தேதியும் மட்டும் எழுதிவிட்டு, தம்முடையதற்கு மட்டும் அவ்விடத்தில், 'சாம்பல் நிறம், எண்ணிக்கை ஒன்று, ஸ்ரீபெரும்புதூர்' என்று பதிந்திருக்கிறார். எங்கள் ஆபீஸ் கணக்கைச் சரிபார்க்கும் ஆர்ட்டிகிள் பையன், காபியைத் தியாகம் செய்ய முன்வந்த அதே பிள்ளையாண்டான், மேற்படி யந்திரம் மேற்படி ஊரில்தான் உற்பத்தியானது என்பதற்கு ஆதாரம் சமர்ப்பிக்குமாறு முறைப்படி கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறான். தலைமைக் குமாஸ்தா, "பதில் தயாராகிறது" என்று ஓரத்தில் எழுதி, கீழே கையெழுத்திட்டு, முன்னால் மறக்காமல் ஒரு ரூபாய்க் குறியையும் போட்டுத் திருப்பியிருக்கிறார்.